புல்வெளிக் குடியேற்ற வாழ்வை ரோல்வாக் எப்படிக் காட்டுகிறார்?

அமெரிக்கப் புல்வெளியில் குடியேறியவர்களின் கதை என்றாலே வெற்றிக்கதைதானே, ரோல்வாக்கின் 'ஜயண்ட்ஸ் இன் தி எர்த்' நாவலில் என்ன புதுமை என்று கேட்டிருக்கிறீர்கள். அது வெற்றியின் விலையைச் சொல்லும் நாவல்.

ரோல்வாக் 1876-இல் நார்வேயில் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். 1896-இல் தெற்கு டகோட்டாவுக்கு வந்து, மாமாவின் பண்ணையில் கூலிவேலை செய்தார். பிறகு பேராசிரியரானார். நாவலை நார்வேஜிய மொழியிலேயே எழுதினார். ஆங்கிலத்தில் வந்தது 1927-இல்.

கதை 1873-இல் தொடங்குகிறது. நார்வேயிலிருந்து வந்து குடியேறும் நாயகன் பெர் ஹன்சாவுக்கு அந்த மண் ஒரு ராஜ்ஜியம். புல்லோடு மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டியெடுத்து வீடு எழுப்புகிறான், உட்சுவருக்குச் சுண்ணாம்பு பூசுகிறான். மனைவி பெரெட்டுக்கோ அங்கே ஒளிந்துகொள்ள ஒரு மரம்கூட இல்லை. இருட்டியதும் சன்னலைத் துணியால் மூடுகிறாள். வெட்டுக்கிளிகள் பயிரை மொய்க்கும் நாளில், ஊரிலிருந்து கொண்டுவந்த பெரிய மரப்பெட்டிக்குள் பிள்ளைகளுடன் ஒடுங்கிக் கிடக்கிறாள். எனக்கு நாவலின் உயிர் அந்தப் பெட்டிதான். சொந்த மண்ணின் கடைசி மிச்சம் அது ஒன்றே.

அவளைக் கோழை என்று ஆசிரியர் ஒதுக்கவில்லை. அவள் அச்சத்துக்கும் அவன் உற்சாகத்துக்கும் சம இடம் தருகிறார். நிலத்தை இழந்த பூர்வகுடிகளுக்கு மட்டும் சில காட்சிகளே. அது எனக்குக் குறையாகவே படுகிறது.

முடிவில், பனிப்புயலில் வெளியே போன பெர் ஹன்சாவை வைக்கோல் போரடியில் சடலமாகக் கண்டெடுக்கிறார்கள். அவன் கண்கள் அப்போதும் மேற்கையே பார்த்தபடி இருக்கின்றன.