டிரெய்லர் இழுக்கும் டீசல் பிக்கப்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

டீசல் பிக்கப் பராமரிப்பு பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே கேள்விகள் வந்துவிட்டன. அநேகமாக எல்லாமே அமெரிக்காவிலும் கனடாவிலும் ஓடும் ராம் கம்மின்ஸ், ஃபோர்ட் பவர்ஸ்ட்ரோக், ஜிஎம் டூராமேக்ஸ் வண்டிகளைப் பற்றியவை. வொர்க்ஷாப்பில் நான் தினமும் கை வைப்பதும் இவற்றில்தான். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். "எந்த டியூனர் போட்டால் இழுவை கூடும்?" என்று கேட்ட (இன்ஜின் கம்ப்யூட்டர் அமைப்பை மாற்றும் கருவிதான் டியூனர்) எல்லோருக்கும் ஒரே பதில்: கம்பெனி கொடுத்திருக்கும் இழுவையே தாராளம். அந்தக் காசை ஃபில்டருக்கும் ஆயிலுக்கும் செலவு செய்யுங்கள்.

கேள்வி (டல்லாஸ்): அண்ணா, 2016 ராம் 2500 வாங்கியிருக்கிறேன், 6.7 கம்மின்ஸ், 90,000 மைல் ஓடியது. பழைய சர்வீஸ் ரசீது எதுவும் இல்லை. 9,000 பவுண்டு டிராவல் டிரெய்லர் இழுக்கப் போகிறேன். முதலில் எதில் கை வைப்பது?

ரசீது இல்லையென்றால் எதையும் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. இன்ஜின் ஆயில், இரண்டு டீசல் ஃபில்டர் (ஒன்று இன்ஜின் மேல், இன்னொன்று பின்னால் சேஸியில்), ஏர் ஃபில்டர், முன் பின் டிஃபரன்ஷியல் ஆயில், பிரேக் ஆயில் எல்லாம் புதிதாகட்டும்.

கியர்பாக்ஸ் ஆயிலைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உங்கள் வண்டியில் இருப்பது 68ஆர்எஃப்இ. அந்த இன்ஜினின் பலத்துக்கு இது கொஞ்சம் பலவீனமான கியர்பாக்ஸ் என்பது என் கருத்து. அதனால்தான் அதைக் கவனமாகப் பார்க்கச் சொல்கிறேன். ஏடிஎஃப்+4 ஆயில்தான் ஊற்ற வேண்டும். பான் உள்ளே ஒரு ஃபில்டர், திருகிக் கழற்றும் ஃபில்டர் ஒன்று, இரண்டையும் மாற்றச் சொல்லுங்கள். இழுக்கும் வண்டிக்கு 60,000 மைலுக்கு ஒருமுறை இது கட்டாயம்.

இந்த இன்ஜினுக்கென்றே இன்னும் இரண்டு விஷயம் உண்டு. வால்வ் கவர் மேலே கிராங்க்கேஸ் காற்று ஃபில்டர் ஒன்று இருக்கிறது, கம்பெனி கணக்கில் 67,500 மைலுக்கு மாற்ற வேண்டியது. அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீல்கள் கசியும். இரண்டாவது, இன்டேக்கில் இருக்கும் கிரிட் ஹீட்டரின் (இன்ஜினுக்குள் போகும் காற்றைச் சூடாக்குவது) போல்ட். வருஷக்கணக்கில் சூடாகி, தேய்ந்து, தலை உடைந்து இன்ஜினுக்குள் விழுந்த வண்டிகள் நிறைய உண்டு. பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் ஆறாவது சிலிண்டர்தான் பலியாகும். அதைக் கழற்றிப் பார்த்துவிட்டு இழுக்க ஆரம்பியுங்கள். கூலண்ட் ஊற்றும்போதும் கவனம்: 2013க்குப் பிந்தைய ராமுக்கு ஓஏடி வகை. பழைய எச்ஓஏடியோடு கலந்தால் கூழாகிவிடும்.

கேள்வி (ஹூஸ்டன்): டீசல் ஃபில்டரை நானே மாற்றுகிறேன். புது ஃபில்டரில் டீசலை நிரப்பிப் பிறகு மாட்டினால் சீக்கிரம் ஸ்டார்ட் ஆகும் என்று நண்பர் சொல்கிறார். சரியா? 2014 ஃபோர்ட் எஃப்-250.

அந்தக் காலத்து இன்ஜினுக்குச் சரி. உங்கள் வண்டிக்கு வேண்டாம். கேனிலிருந்து ஊற்றும் டீசல் வடிகட்டாதது. அது ஃபில்டரின் சுத்தமான பக்கம் போய்விட்டால் நேரே ஹை பிரஷர் பம்புக்குப் போகும். ஃபில்டரைக் காலியாகவே மாட்டிவிட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து அரை நிமிடம் விடுங்கள், ஆஃப் செய்யுங்கள், மறுபடி ஆன். நாலைந்து தடவை இப்படிச் செய்தால் டேங்க் பக்கத்துப் பம்பே டீசலைத் தள்ளிக் காற்றை வெளியேற்றிவிடும்.

இவ்வளவு பயம் எதற்கு என்றால், 2011 முதல் வந்த 6.7 பவர்ஸ்ட்ரோக்கில் இருப்பது பாஷ் கம்பெனியின் சிபி4 பம்ப். 2011 முதல் 2016 வரையிலான டூராமேக்ஸிலும் அதேதான். உள்ளே உருளும் பாகங்களுக்கு டீசலின் வழவழப்புதான் எண்ணெய். தண்ணீரோ பெட்ரோலோ கலந்தால், காற்று புகுந்தால், இரும்போடு இரும்பு உரசிப் பொடி கிளம்பும். அந்தப் பொடி இன்ஜெக்டர், அதற்கு டீசல் தரும் ரெயில் குழாய், ரிட்டர்ன் லைன், டேங்க் என்று எல்லா இடத்துக்கும் போகும். பம்பை மட்டும் மாற்றித் தப்பிக்க முடியாது, டீசல் போகும் பாதை முழுவதையும் மாற்ற வேண்டும். பத்தாயிரம் டாலர் பில் அதில் சாதாரணம்.

அமெரிக்க டீசலுக்கு வழவழப்பு குறைவு என்பதும் உண்மை. தேய்மானச் சோதனையில் ஐரோப்பிய விதி 460 மைக்ரானுக்கு மேல் தேயக் கூடாது என்கிறது, அமெரிக்க விதி 520 வரை விடுகிறது. அதனால் டேங்க் நிரப்பும்போதெல்லாம் வழவழப்பு கூட்டும் மருந்து கொஞ்சம் ஊற்றுங்கள் என்கிறேன். ராம் கம்பெனி 2019, 2020 மாடல்களில் சிபி4 போட்டுப் பார்த்துவிட்டு, 2021ல் பழைய சிபி3க்கே திரும்பியது. அந்த இரண்டு வருஷ வண்டிகளுக்கு ரீகால் வந்தது. ஜிஎம் 2017லேயே டென்சோ பம்புக்கு மாறிவிட்டது.

டீசல் ஃபில்டரின் தண்ணீர் வடிகாலை மாதம் ஒருமுறை திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். அடியில் குமிழாக நின்றால் தண்ணீர். தவறி டெஃபை (புகையைச் சுத்தமாக்கத் தனி டேங்கில் ஊற்றும் யூரியா திரவம்) டீசல் டேங்கில் ஊற்றிவிட்டீர்களா? சாவியையே போடாதீர்கள். ஆன் செய்தாலே பம்ப் ஓடிக் கலக்கிவிடும். இருந்த இடத்திலேயே டேங்கைக் காலி செய்வதுதான் மலிவு.

கேள்வி (அட்லாண்டா): வார நாளில் ஸ்கூல், கடை, அவ்வளவுதான். மாதம் ஒரு தடவை போட் இழுப்போம். டிபிஎஃப் (எக்ஸாஸ்டில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) நிறைந்துவிட்டது என்று அடிக்கடி எச்சரிக்கை வருகிறது. தெரிந்த ஒருவர் அதை எடுத்துவிடச் சொல்கிறார்.

உங்கள் வண்டிக்குப் போட் இழுக்கும் நாள்தான் ஆரோக்கியமான நாள். பாரம் இழுக்கும்போது எக்ஸாஸ்ட் நல்ல சூட்டில் இருக்கும், கரி தானாகவே எரிந்துகொண்டே போகும். ஸ்கூலுக்கு ஐந்து நிமிடம் போய்வந்தால் அந்தச் சூடே வராது. வண்டி ரீஜென் (சேர்ந்த கரியைத் தானே எரிப்பது) ஆரம்பிக்கும், நீங்கள் பாதியில் ஆஃப் செய்துவிடுவீர்கள், மறுநாளும் இதே கதை. ரீஜெனுக்காகக் கூடுதலாகத் தெளிக்கும் டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறைவதற்குப் பதில் ஏறினால் அதுதான் காரணம். டீசல் கலந்த ஆயில் நீர்த்துப்போயிருக்கும், அதோடு மலை ஏறாதீர்கள், மாற்றிவிட்டுப் போங்கள்.

வாரம் ஒருமுறை ஹைவேயில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். ரீஜென் ஓடுவது தெரிந்தால் முடியும்வரை நிறுத்தாதீர்கள். எடுத்துவிடும் யோசனையை விட்டுவிடுங்கள். அமெரிக்காவில் சுத்தக் காற்றுச் சட்டப்படி அது சட்டவிரோதம். செய்துகொடுக்கும் கடைகளுக்கு இபிஏ (அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு) பெரிய அபராதம் போட்டிருக்கிறது. நான் அந்த வேலை செய்வதில்லை. உண்மையைச் சொன்னால், வார நாளுக்கு ஒரு சின்ன பெட்ரோல் கார்தான் உங்களுக்கு நல்ல மருந்து.

கேள்வி (ஃபீனிக்ஸ்): டிரெய்லரோடு ஏற்றத்தில் போகும்போது கியர்பாக்ஸ் சூடு 220 ஃபாரன்ஹீட் காட்டுகிறது. பயப்பட வேண்டுமா?

நீண்ட ஏற்றத்தில் 220 பரவாயில்லை, சமதளத்தில் இறங்கிவிட வேண்டும். 240ஐ நெருங்கினால் வேகத்தைக் குறைத்து ஓரம் ஒதுங்குங்கள். இன்ஜினை நிறுத்திவிடாதீர்கள், நியூட்ரலில் கொஞ்சம் ரேஸ் கொடுத்தால் ஆயில் கூலர் வழியாகச் சுற்றி ஆறும்.

சூடு வருவது டார்க் கன்வெர்ட்டர் லாக் ஆகாமல் நழுவும்போதுதான். உயர்ந்த கியரில் முக்கிக்கொண்டு ஏறுவதைவிட, டோ-ஹால் மோடு (பாரம் இழுப்பதற்கான கியர் அமைப்பு) போட்டு, ஒரு கியர் இறக்கி, ஆர்பிஎம் கூட ஓட்டுங்கள். சத்தம் கேட்டுப் பயந்து ஆக்ஸிலரேட்டரை எடுப்பவர்கள்தான் கியர்பாக்ஸை வேக வைக்கிறார்கள். அப்புறம் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கூலர்களில் பூச்சியும் தூசியும் அடைத்திருக்கும், அரிசோனாவில் கேட்கவே வேண்டாம். பின்பக்கமிருந்து முன்பக்கமாக, மெதுவான அழுத்தத்தில் தண்ணீர் அடியுங்கள்.

கேள்வி (டென்வர்): ஐ-70ல் ஐசன்ஹோவர் டனல் தாண்டி இறங்கும்போது பிரேக் புகைந்துவிட்டது. பேட் மாற்றி ஆறு மாதம்தான் ஆகிறது.

11,000 அடிக்கு மேலிருந்து 7 சதவீதச் சரிவில் இறங்குகிறீர்கள். அங்கே பேடை நம்பக் கூடாது, எக்ஸாஸ்ட் பிரேக்கை (புகை வெளியேறுவதைத் தடுத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைப்பது) நம்ப வேண்டும். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கியரை இறக்கி, எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டுவிடுங்கள். வேகம் ஏறினால் பிரேக்கை ஒருமுறை அழுத்தமாகப் பிடித்து, குறைந்ததும் விட்டுவிடுங்கள். லேசாக மிதித்துக்கொண்டே வந்தால்தான் புகையும்.

அடுத்து, உங்கள் டிரெய்லர் பிரேக் வேலை செய்கிறதா என்றே எனக்குச் சந்தேகம். சமமான காய்ந்த ரோட்டில் 25 மைல் வேகத்தில் கன்ட்ரோலர் லீவரைக் கையால் முழுக்க அழுத்துங்கள். டிரெய்லர் வண்டியைப் பிடித்து இழுக்க வேண்டும், சக்கரம் லாக் ஆகிவிடவும் கூடாது. அந்த எல்லைக்குக் கொஞ்சம் கீழே கெயினை (டிரெய்லர் பிரேக்கின் பலத்தை) வையுங்கள். இழுக்கவே இல்லையென்றால் டிரம்முக்குள் அட்ஜஸ்ட்மென்ட் போயிருக்கும், அல்லது மேக்னெட் தேய்ந்திருக்கும், அல்லது ஏழு பின் பிளக்கில் துரு. ஒருமுறை புகைந்த பிறகு பிரேக் ஆயிலையும் மாற்றிவிடுங்கள். ஈரம் இழுத்த ஆயில் சீக்கிரம் கொதிக்கும், மிதி பஞ்சு மாதிரி உள்ளே போகும்.

கேள்வி (டொராண்டோ): 12,000 பவுண்டு ஃபிஃப்த் வீல் டிரெய்லர் (பிக்கப்பின் படுக்கையில் மாட்டுவது) பார்த்திருக்கிறோம். எங்கள் டீசல் 2500 அதற்கு மேலேயே இழுக்கும் என்று டீலர் சொன்னார். சரிதானே?

இழுக்கும். தாங்குமா என்பது வேறு கேள்வி. டிரைவர் கதவைத் திறந்தால் மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்த்து இவ்வளவுக்கு மேல் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். டீசல் இன்ஜின் கனம் என்பதால் முக்கால் டன் வண்டிகளில் (உங்கள் 2500 வகை) பெரும்பாலும் 2,000 பவுண்டை ஒட்டித்தான் வரும். ஃபிஃப்த் வீலில் டிரெய்லர் எடையில் 15 முதல் 25 சதவீதம் படுக்கை மேல் இறங்கும். 20 என்றே வைத்தாலும் 2,400. ஹிட்ச் ஒரு 150, குடும்பம் நாலு பேர் 600, சாமான் தனி. கணக்கு எங்கே போகிறது பாருங்கள்.

இது சட்டப் பிரச்சினை மட்டும் இல்லை. இப்படி ஓடிய வண்டிகள்தான் பின் டயர், வீல் பேரிங், ஸ்பிரிங் என்று வரிசையாக எங்களிடம் வரும். இந்த டிரெய்லர்தான் வேண்டுமென்றால் 3500 பாருங்கள். இருக்கும் வண்டிதான் என்றால் சிறிய டிரெய்லர். எதுவானாலும் நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்பில் இருக்கும் கேட் ஸ்கேல் என்ற எடை மேடையில் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள், சில டாலர்தான்.

கேள்வி (கால்கரி): குளிரில் டீசல் உறைவது, டெஃப் உறைவது, இரண்டுக்கும் என்ன செய்வது? முன்னால் கிரில்லை மூடும் துணியும் போட்டிருக்கிறேன்.

டெஃப் மைனஸ் 11 டிகிரி செல்சியஸில் உறையும், அதனால் கெடுதி இல்லை. டேங்கிலேயே ஹீட்டர் இருக்கிறது. வண்டி அதற்காகக் காத்திருக்காமல் ஓடும்.

டீசலில் மெழுகு படிவதுதான் தொந்தரவு. உங்கள் ஊர் பங்கில் குளிர்கால டீசல்தான் வரும். தெற்கே அரிசோனாவில் டேங்க் நிரப்பிக்கொண்டு வடக்கே ஏறி வருபவர்களுக்குத்தான் நடுவழியில் நின்றுபோகும். உறைவதற்கு முன்பே குளிர்கால மருந்தை ஊற்ற வேண்டும், உறைந்த பின் அது உதவாது. அதற்கு இளக்கும் மருந்து தனியாக விற்கிறது. பிளாக் ஹீட்டரை கிளம்புவதற்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்னால் போட்டால் போதும், ராத்திரி முழுக்க வேண்டாம். கிரில் துணியை டிரெய்லர் மாட்டும்போது கழற்றிவிடுங்கள். மைனஸ் இருபதிலும் பாரம் இழுக்கும் இன்ஜினுக்குக் காற்று வேண்டும்.

கேள்வி (சிகாகோ): 2006 ஃபோர்ட் 6.0 டீசல் மலிவாக வருகிறது. வாங்கலாமா?

ஆயில் கூலர், ஈஜிஆர் கூலர் (இன்ஜினுக்குத் திரும்பும் புகையைக் குளிர்விப்பது), ஹெட் ஸ்டட் (சிலிண்டர் ஹெட்டை இறுக்கும் போல்ட்) மூன்றும் மாற்றிய ரசீது இருந்தால் யோசிக்கலாம். இல்லையென்றால் வேண்டாம். ஆயில் கூலர் அடைத்தால் ஈஜிஆர் கூலருக்குக் கூலண்ட் சரியாகப் போகாது, அது வெடிக்கும், பின்னாலேயே ஹெட் கேஸ்கெட் போகும். ஓட்டிப் பார்க்கும்போது ஸ்கேனர் மாட்டி, ஹைவே வேகத்தில் நன்றாகச் சூடான பிறகு ஆயில், கூலண்ட் இரண்டின் சூட்டையும் பாருங்கள். ஆயில் 15 ஃபாரன்ஹீட்டுக்கு மேல் கூடுதலாக இருந்தால் அந்த மலிவு மலிவில்லை.

கேள்வி (பல பேர்): நிறுத்தும் முன் டர்போ ஆற ஐந்து நிமிடம் ஐடிலில் விட வேண்டுமா?

மலை ஏறியதும் நேராகப் பங்கில் நுழைந்தால் இரண்டு, மூன்று நிமிடம் விடுங்கள். ஊருக்குள் மெதுவாக வந்து நிறுத்தினால் தேவையில்லை, வழியிலேயே ஆறியிருக்கும். தேவையில்லாமல் மணிக்கணக்கில் ஐடில் விட்டால் டர்போவின் வேன்களில் கரி படிந்து இறுகும்.

கேள்வி (சான் அன்டோனியோ): சார், வண்டியைப் பற்றியே சொல்கிறீர்கள். டிரெய்லருக்கு என்ன பராமரிப்பு?

நல்ல கேள்வி. நடுரோட்டில் நிற்பவர்களில் பாதிப் பேர் டிரெய்லரால்தான் நிற்கிறார்கள். வீல் பேரிங்கை வருஷம் ஒருமுறை அல்லது 12,000 மைலுக்குக் கழற்றிக் கழுவி கிரீஸ் வையுங்கள். போட் டிரெய்லர் தண்ணீரில் இறங்குவதால் இன்னும் சீக்கிரம். வழியில் நிற்கும்போதெல்லாம் ஹப்களின் சூட்டைக் கருவியால் பாருங்கள். நாலில் ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அதில்தான் கோளாறு.

டயரில் காற்று குளிர்ந்த நிலையில், பக்கத்தில் எழுதியிருக்கும் முழு அழுத்தம் வரை. இ வகை (பாரம் தாங்கும் அளவின் குறியீடு) டயரில் பெரும்பாலும் 80 பிஎஸ்ஐ. பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. டிரெட் புதிதாகவே தெரிந்தாலும் ஐந்து வருஷம் ஆனதை டெக்ஸாஸ் வெயிலில் நான் ஓடவிட மாட்டேன். சக்கரம் கழற்றி மாட்டியபின் 50 மைல் ஓட்டி லக் நட்டை டார்க் ரெஞ்சால் மறுபடி முறுக்குங்கள்.