சித்திரையின் நீல ஒளி ஏன் குறைந்தது?

திருவொற்றியூர் மொட்டை மாடியிலிருந்து ஆறு அங்குலத் தொலைநோக்கி, ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கீற்றணி, கேமரா ஆகியவற்றைக் கொண்டு ஸ்பைகா எனப்படும் சித்திரை நட்சத்திரத்தின் நிறமாலையை எடுத்த வாசகர் கேட்கிறார்: "25,000 கெல்வின் நட்சத்திரத்துக்குக் கணக்கிட்ட மாதிரி நிறமாலையோடு ஒப்பிட்டால், 450 நானோமீட்டர் அலைநீளத்துக்குக் கீழே, நீலப் பக்கத்தில், என் பதிவு மிகவும் சரிகிறது. மாதிரி தவறா?"

மாதிரியைச் சந்தேகிக்கும் முன், அப்போது நட்சத்திரம் வானில் எங்கே நின்றது என்று பாருங்கள். உங்கள் குறிப்பின்படி அது கடலுக்கு மேல் 25 பாகை உயரத்தில் இருந்தது. அங்கிருந்து வரும் ஒளி, தலைக்கு நேர் மேலிருந்து வருவதைவிடச் சுமார் 2.4 மடங்கு காற்றைக் கடக்கிறது. ஈரமும் துறைமுகப் புகையும் கலந்த அந்தக் காற்றில் முதலில் சிதறிப்போவது நீலம்தான். உங்கள் கேமராவின் உணர்திறனும் நீலத்தில் குறையும்.

இவ்விரண்டையும் நீக்க, ரெகுலஸ் எனப்படும் மகம் உதவும். ஏப்ரல் நடுவில் இரவு 10.45 மணி வாக்கில், சென்னை வானில் மகம் மேற்கே இறங்கியபடியும் சித்திரை தென்கிழக்கே ஏறியபடியும் இரண்டும் ஏறத்தாழ 60 பாகையில் நிற்கும். அடுத்தடுத்து எடுத்து, மகத்தின் பதிவை அதன் வெளியிடப்பட்ட நிறமாலையால் வகுத்தால் கிடைக்கும் வளைவே காற்றும் கருவியும் சேர்ந்து செய்த திரிபு. சித்திரையின் பதிவை அந்த வளைவால் வகுங்கள்.

அதன் பிறகும் சரிவை வைத்து வெப்பநிலையைக் கணிக்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். 25,000 கெல்வினில் ஒளியின் உச்சம் 116 நானோமீட்டர் அருகே, புறஊதாவில் இருக்கிறது. நாம் காண்பது அதன் வால் மட்டுமே என்பதால், 20,000 கெல்வினுக்கும் 25,000 கெல்வினுக்கும் அங்கே பெரிய வேறுபாடு தெரியாது. அந்தப் புறஊதாவை நம் காற்று தடுத்துவிடுகிறது. 2015இல் ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட் போன்ற விண்கலங்கள்தான் அதைப் பார்க்கின்றன.

மாதிரிக்கு உரைகல் உறிஞ்சு கோடுகளே, அதாவது நட்சத்திரத்தின் வெளி அடுக்கிலுள்ள அணுக்கள் ஒளியை விழுங்குவதால் நிறமாலையில் விழும் பள்ளங்களே. 10,000 கெல்வினைத் தாண்டியபின் வெப்பம் ஏற ஏற 486.1, 434.0 நானோமீட்டர் ஹைட்ரஜன் கோடுகள் மெலியும். ஆனால் நட்சத்திரத்தின் ஈர்ப்பு கூடினால் அவற்றின் ஓரங்கள் அகலும். ஆகவே அவை மட்டும் போதாது, 447.1இல் உள்ள ஹீலியம் கோட்டையும் சேர்த்துப் பாருங்கள். மகத்தில் மங்கலாக இருக்கும் அது சித்திரையில் தெளிவாக விழும். உங்கள் கீற்றணி அதையும் பக்கத்தில் 448.1இல் உள்ள மெக்னீசியத்தையும் ஒரே பள்ளமாகக் காட்டும் என்பதால், மாதிரியையும் அதே அளவுக்கு மங்கலாக்கி, பள்ளங்களின் பரப்பை ஒப்பிடுங்கள்.

இதற்கும் மிஞ்சும் வேறுபாட்டுக்கு மாதிரியின் வகை காரணமாகலாம். பலரும் பயன்படுத்தும், வானியலாளர் குருக்ஸின் மாதிரிகள் ஒவ்வோர் அடுக்கிலும் வெப்பச் சமநிலை நிலவுவதாகக் கொள்பவை. வெப்ப நட்சத்திரத்தில் அணுக்களின் நிலையை மோதல்களைவிட ஒளியே அதிகம் தீர்மானிப்பதால், அந்த அனுமானம் சில கோடுகளில் பிசகும். அந்த அனுமானமின்றி வானியலாளர்கள் லான்ஸும் ஹூபெனியும் 15,000 முதல் 30,000 கெல்வின் வரை கணக்கிட்ட பி-ஸ்டார் 2006 தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரை, சுமார் நான்கு நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றும் இரு வெப்ப நட்சத்திரங்கள் என்பதால், ஒற்றை மாதிரி அதனோடு முழுவதும் பொருந்தும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.