விதையை யார் தேர்ந்தெடுக்கிறார்?

அன்புள்ள ஐயா,

எங்கள் குடியிருப்பில் 60 வீடுகள். கார் நிறுத்த 22 இடங்கள்தான். குலுக்கலுக்காக சி மொழியில் ஒரு நிரல் எழுதினேன். எத்தனை முறை ஓட்டினாலும் அதே வீடுகள் அதே வரிசையில் வந்தன. நேரத்தை விதையாக, அதாவது தொடக்க எண்ணாக, கொடுத்ததும் ஒவ்வொரு முறையும் மாறி வருகிறது. இனி இது நியாயமான குலுக்கல்தானே?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இன்னும் இல்லை. தயவுசெய்து இந்த நிரலோடு கூட்டத்துக்குப் போகாதீர்கள்.

சி மொழியில் எண்களைத் தரும் ரேண்ட் என்ற கட்டளை எதையும் குலுக்குவதில்லை. விதையில் தொடங்கி, ஒரு கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டு அடுத்தடுத்த எண்களைத் தருகிறது. விதை கொடுக்காவிட்டால் சி மொழி 1 என்பதையே விதையாக எடுத்துக்கொள்ளும். அதனால்தான் அதே வீடுகள் வந்தன.

நீங்கள் கொடுத்த நேரம் விநாடிக் கணக்கு. நாளொன்றுக்கு 86,400 விதைகள். கூட்டம் நடக்கும் அரை மணி நேரத்துக்கு வெறும் 1,800. நிரலை வைத்திருப்பவர் முந்தைய இரவே அத்தனையையும் ஓட்டிப் பார்த்து, தன் வீட்டுக்கு இடம் விழும் விநாடியைக் குறித்துக்கொண்டு அப்போது பொத்தானை அழுத்தலாம். நீங்கள் செய்யமாட்டீர்கள். ஆனால் இடம் கிடைக்காத 38 வீட்டாரிடம் அதை எப்படி நிரூபிப்பீர்கள்?

1999-இல் இணையச் சீட்டாட்ட நிறுவனம் ஒன்று, தன் நேர்மையைக் காட்டுவதற்காகவே சீட்டைக் கலைக்கும் நிரலை வெளியிட்டது. நள்ளிரவிலிருந்து கடந்த மில்லிவிநாடிகள்தான் அதன் விதை. 52 சீட்டுகளை அடுக்கும் வழிகளின் எண்ணிக்கை 68 இலக்க எண். அந்த நிரலால் தரமுடிந்ததோ 8.64 கோடி அடுக்குகள் மட்டுமே. அமெரிக்க மென்பொருள் வல்லுநர்கள் சிலர் தங்கள் கடிகாரத்தை அந்த நிறுவனத்தின் கடிகாரத்தோடு ஒத்துவைத்து, அந்த 8.64 கோடியை ஏறத்தாழ 2 லட்சமாகச் சுருக்கினார்கள். ஐந்து சீட்டுகள் தெரிந்ததும் மற்றவர் கையில் இருப்பதையெல்லாம் ஆட்டத்தின் நடுவிலேயே சொல்லிவிட்டார்கள். இதைப் படித்த நாளிலிருந்து நேரத்தை விதையாக வைத்த குலுக்கல் எதையும் நான் நம்புவதில்லை.

கடவுச்சொல் உருவாக்குவதென்றால் இயங்குதளம் தரும் எண்களை எடுங்கள் என்பேன். பைத்தான் மொழியில் அதற்கென்றே சீக்ரெட்ஸ் என்ற தொகுதி இருக்கிறது. அந்த எண்களை யாராலும் ஊகிக்க முடியாது. ஆனால் குலுக்கலுக்கு அது போதாது. பிடித்த முடிவு வரும்வரை பத்து முறை ஓட்டவில்லை என்பதற்கு அங்கே சாட்சி கிடையாது.

எனவே இப்படிச் செய்யுங்கள். நிரலையும் வீடுகளின் வரிசையையும் முதல் நாளே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு வீட்டாரும் ஓர் ஆறு இலக்க எண்ணை எழுதி, மடித்துப் பெட்டியில் போடட்டும். கடைசிச் சீட்டும் விழுந்த பிறகு எல்லோர் முன்னிலும் பிரித்துக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையின் கடைசி ஆறு இலக்கங்களே விதை. மற்ற 59 பேர் கூடிப் பேசிக்கொண்டாலும், ஒருவர் மனம்போனபடி ஓர் எண்ணை எழுதி மறைத்து வைத்திருந்தால் விதை அவர்கள் கைக்குள் வராது.

ரேண்ட் மட்டும் வேண்டாம். நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலருக்குக் கம்பைலர் அதன் விடை மாறும். மட்சுமோட்டோவும் நிஷிமுராவும் உருவாக்கிய மெர்சென் ட்விஸ்டர் என்ற எண் உருவாக்கும் முறை சி++ மொழியிலேயே இருக்கிறது. ஒரே விதைக்கு எந்தக் கணினியிலும் அதே எண்களைத் தரும். சந்தேகம் உள்ளவர் அன்றிரவே தன் வீட்டுக் கணினியில் ஓட்டி, அதே 22 வீடுகள் வருகின்றனவா என்று பார்த்துக்கொள்ளட்டும்.