எந்தப் பக்கத்துக் கடல், எந்த நாட்டு டொலர்?

குளிர் இறுகத் தொடங்கினால் ரொறன்ரோவில் பாதிச் சனம் கரீபியனுக்கு வெளிக்கிட்டுவிடுகிறது. இம்முறை வந்த கடிதங்களில் அநேகமானவை ‘அமைதியான கடற்கரை’ என்ற இரண்டு சொல்லுக்குக் காசு கட்டியவர்களுடையவை. நீண்ட கடிதங்களை வெட்டியிருக்கிறேன். கோபிக்க வேண்டாம்.

கேள்வி: அக்கா, நானும் மனைவியும் ஓய்வுபெற்றவர்கள். டொபாகோவில் பக்கூ என்ற கிராமத்தில் ஒரு வாரம் அறை எடுத்தோம். ‘சண்டே ஸ்கூலுக்கு நடந்தே போகலாம்’ என்று விளம்பரத்தில் இருந்தது. பக்தியான இடம், சத்தம் இருக்காது என்று நினைத்தோம். ஞாயிறு இரவு முழுக்க நித்திரை இல்லை. காசைத் திருப்பிக் கேட்கலாமா? – ஸ்காபரோ

பதில்: முதலில் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள் ஐயா. பக்கூவின் ‘சண்டே ஸ்கூல்’ வேதாகம வகுப்பு இல்லை. ஞாயிறு இரவு நடக்கும் தெருக் கொண்டாட்டத்துக்கு அங்குள்ளவர்கள் வைத்த பகிடிப் பெயர். முதலில் ஸ்டீல்பான் வாத்தியம், பிறகு ஆளுயர ஸ்பீக்கர். வீட்டுக்காரர் எதையும் மறைக்கவில்லை, பெருமையாகவே எழுதியிருக்கிறார். ஆகவே காசு வராது. ஈஸ்டருக்கு அடுத்த செவ்வாய் போயிருந்தால் அதே ஊரில் ஆட்டுப் பந்தயமும் பார்த்திருப்பீர்கள்.

அந்தத் தீவை வெறுத்துவிடாதீர்கள். அடுத்தமுறை வடக்குக் கரையில் கஸ்தாராவுக்குப் போங்கள். சின்ன மீன்பிடி ஊர். எங்கள் ஊரில் போலவே கரைவலை இழுப்பார்கள், கடற்கரைக்குப் பின்னால் மண் அடுப்பில் பாண் சுடுவார்கள். விடிய சேவல் கூவும், அதற்கும் கடிதம் எழுதாதீர்கள். ஒரு விஷயம்: பக்கத்துத் தீவான டிரினிடாட்டின் போர்ட் ஒஃப் ஸ்பெயினில் இறங்கி டொபாகோவுக்கு மாறும் அரைமணிக்கும் குறைந்த விமானப் பயணத்தை, ரொறன்ரோவிலிருந்து போகும் ரிக்கெற்றோடு ஒரே பதிவில் வாங்குங்கள். தனித்தனியாக வாங்கினால், முதல் விமானம் பிந்தி இரண்டாவது தவறும்போது நட்டம் உங்கள் தலையில்தான். (உங்கள் ஊரைப் போலவே டொபாகோவின் தலைநகருக்கும் ஸ்காபரோ என்றுதான் பெயர். பைகளின் பெயர்ச்சீட்டில் நாட்டையும் எழுதுங்கள்.)

கேள்வி: மூன்று மாதத்துக்கு முன்பே டொமினிகாவுக்கு இணையத்தில் மலிவாக ரிக்கெற் எடுத்தேன், மாற்ற முடியாத கட்டணம். இப்போது பார்த்தால் புன்டா கானாவும் இல்லை, வெள்ளை மணலும் இல்லை. முகவர் எனக்குச் சொல்லியிருக்க வேண்டாமா? – பிரம்டன்

பதில்: நீங்களே இணையத்தில் எடுத்த ரிக்கெற்றுக்கு முகவர் எங்கிருந்து வந்தார்? டொமினிகா ஒரு நாடு, டொமினிக்கன் குடியரசு இன்னொரு நாடு. புன்டா கானா இரண்டாவதில் இருக்கிறது. காசு கட்டுமுன் வரைபடத்தை ஒருதரம் திறந்து பார்க்க ஒரு நிமிடம் பிடிக்குமா? முன்பு ஒரு கடிதத்தில் தவறான அளவுக் குளிர்சாதனப் பெட்டி வாங்கியவரும் நீங்கள்தான் என்று நினைக்கிறேன்.

போனது போகட்டும், ரிக்கெற்றைக் கிழிக்காதீர்கள். டொமினிகா எரிமலைத் தீவு. கடற்கரைகளில் பெரும்பாலும் கறுப்பு மணல், பெரிய உல்லாச விடுதிகள் குறைவு, காடும் ஆறும் அதிகம். ‘ஷாம்பெய்ன் ரீஃப்’ என்ற இடத்தில் கடலடியிலிருந்து சூடான குமிழிகள் கிளம்பும். நீங்கள் கேட்ட அமைதி புன்டா கானாவைவிட இங்கேதான் கிடைக்கும், தவறுதலாக நல்லதை வாங்கிவிட்டீர்கள்.

கேள்வி: பார்படோஸில் ஒரு ஹோட்டலுக்கு முன்னால் துவாயை விரித்தோம். காவலாளி ‘இது எங்கள் கடற்கரை’ என்று எழுப்பிவிட்டார். சரியா? – மார்க்கம்

பதில்: பார்படோஸில் கடற்கரைகள் பொதுச் சொத்து. மணலில் நீங்கள் இருக்கலாம், கதிரைதான் அவர்களுடையது. யமேக்காவில் இப்படி வாதாடாதீர்கள். 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே கதை வேறு.

கேள்வி: அதே பார்படோஸில் இரண்டு அறை பார்த்து வைத்திருக்கிறேன். மேற்குக் கரையில் ஒன்று, தோட்டம் பார்த்தது. கிழக்குக் கரையில் ஒன்று, கடலுக்கு நேர் எதிரே, விலையும் குறைவு. ஒரு வாரம் புத்தகத்தோடு சாய்ந்து கிடப்பதும் கடலில் குளிப்பதும்தான் நோக்கம். – மிஸிசாகா

பதில்: மேற்கு. காரணத்தைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், இது என் பழைய புண்.

வடகிழக்கு வியாபாரக் காற்று என்று பள்ளிக்கூடத்தில் படித்து மறந்தோமே, அந்தக் காற்றுத்தான் கரீபியனில் ஆண்டின் பெரும்பகுதி அடிக்கிறது. பார்படோஸின் கிழக்குக் கரை அட்லாண்டிக்கைப் பார்த்தது. திறந்த சமுத்திரத்தில் உருண்டு வந்த அலை அங்கேதான் வந்து அறையும். பாத்ஷீபாவில் அலைச்சறுக்குக்காரர் கூடுவதும் அதனால்தான். மேற்குப் பக்கம் காற்றுக்கு மறைவு. ஹோல்டவுன் அண்டையில் காலையில் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். ஆனால் விளம்பரப் படத்தில் இரண்டும் ஒரே நீலம். படத்துக்குச் சத்தமும் இல்லை, மணமும் இல்லை.

சில வருடத்துக்கு முன் ‘அலையோசையில் கண்ணயருங்கள்’ என்ற ஒற்றை வரியை நம்பி நானும் கிழக்குக் கரையில் ஐந்து இரவுக்குக் கட்டினேன். தொண்ணூறு டொலர் மலிவு என்று, திருப்பித் தராத கட்டணத்தில். கண் எங்கே அயர்ந்தது! யன்னல் கண்ணாடி இரவு முழுக்க அதிர்ந்தது. கணவர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு குளியலறைப் பக்கம் தலையணையைத் திருப்பிப் படுத்தார். ஐந்து நாளில் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கவில்லை. மூன்றாம் நாள் கடற்பாசி வந்தது. சர்கசம் என்பார்கள். 2011இலிருந்து கரீபியனுக்குப் பெரும் படையாக வருகிறது, கிழக்குக் கரைகளைத்தான் முதலில் பிடிக்கும். குவிந்து அழுகினால் ஹைட்ரஜன் சல்பைட் வாயு, அதாவது கூழ்முட்டை நாற்றம். காலில் கிடந்த வெள்ளிக் கொலுசு வீடு வந்து சேரும்போது கரிச்சட்டி நிறம். விடுதிக்காரரோடு சண்டைக்குப் போனேன். ‘கடல் எங்களுடையது இல்லையே அம்மா’ என்றார். பதிலுக்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

ஆகவே கட்டுமுன் விடுதிக்கு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்: கரை எந்தப் பக்கம், இந்த மாதம் பாசி வந்ததா, பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறதா, இசைமேடைக்கும் என் அறைக்கும் எவ்வளவு தூரம். தொலைபேசியில் கேட்காதீர்கள். எழுத்தில் பொய் சொன்னால்தான் பிறகு முறைப்பாடு நிற்கும். ‘கடல்காட்சி’ என்ற சொல்லுக்கும் மயங்காதீர்கள். பல்கனியில் கழுத்தை நீட்டினால் ஒரு விரற்கடை நீலம் தெரிந்தாலும் அது கடல்காட்சிதான்.

கேள்வி: அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு கிரெனடாவில் கிராண்ட் ஆன்ஸ் கடற்கரையோரம் ஒரு வீடு எடுத்தேன். சமூக வலைத்தளத்தில் பார்த்த விளம்பரம். 2,400 டொலரை ஈ-ட்ரான்ஸ்பரில் அனுப்பினேன். போய்த் தட்டினால் கதவைத் திறந்தது வேறொரு குடும்பம். அவர்களின் சொந்த வீடு. அம்மாவுக்கு முன்னால் அழுதுவிட்டேன். ‘இதுகூடத் தெரியாதா’ என்று உறவுக்காரர் இப்போதும் கேட்கிறார்கள். – ஏஜாக்ஸ்

பதில்: தங்கச்சி, அந்த உறவுக்காரரை என்னிடம் அனுப்புங்கள். இப்படி மோசடி விளம்பரம் எழுதுபவர்கள் நாள் முழுக்க இதே வேலையாக இருப்பவர்கள். உண்மையான வீட்டின் படத்தைத் திருடி, அன்பாகக் கதைத்து, ‘இன்னொருவரும் கேட்கிறார்’ என்று அவசரப்படுத்துவார்கள். அம்மாவைச் சந்தோசப்படுத்த நினைத்தது உங்கள் குற்றம் இல்லை.

உடனே வங்கியில் எழுத்து மூலம் முறையிடுங்கள். பொலிசிலும் கனேடிய மோசடி எதிர்ப்பு மையத்திலும் பதியுங்கள். உரையாடல் ஒன்றையும் அழிக்க வேண்டாம். வீண் நம்பிக்கை தரமாட்டேன்: மற்றவர் ஈ-ட்ரான்ஸ்பரை வைப்பிட்டுவிட்டால் திரும்பி வருவது அரிது. கடனட்டை என்றால் வங்கி மூலம் மறுக்க வழி இருந்திருக்கும். அதனால்தான் அவர்கள் கடனட்டையை ஏற்பதில்லை. இனிமேல் வீட்டுப் படத்தை இணையத்தில் படத்தேடலில் போட்டுப் பாருங்கள். வேறு ஊரில் வேறு பெயரில் வந்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: செப்டெம்பரில் அன்டிகுவா மலிவு. புயல் ஒன்று கிளம்பியிருப்பதாகச் செய்தி. இப்போது காப்புறுதி எடுத்தால் போதும்தானே?

பதில்: போதாது. புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுக்கும் காப்புறுதி பொதுவாக அந்தப் புயலுக்குச் செல்லாது. எரிகிற வீட்டுக்குக் காப்புறுதி கேட்பது போல. புயற்காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, உச்சம் ஆகஸ்ட் நடுவிலிருந்து ஒக்டோபர் வரை. அந்த மலிவு சும்மா வந்தது இல்லை. கோடையில்தான் போக முடியும் என்றால் தெற்கே அரூபா, கியூராசோ பாருங்கள், புயற்பாதைக்குப் பெரும்பாலும் விலகிக் கிடப்பவை.

கேள்வி: செயின்ட் லூசியாவில் டாக்சிக்காரர் ‘எண்பது டொலர்’ என்றார். இறங்கும்போது அமெரிக்க டொலர் என்றார். ஏமாற்றா?

பதில்: ஏறுமுன் ‘எந்த டொலர்’ என்று கேட்டீர்களா? அங்கத்தைய கிழக்குக் கரீபியன் டொலர் 2.70 கொடுத்தால்தான் ஒரு அமெரிக்க டொலர். பார்படோஸ் டொலர் இரண்டுக்கு ஒன்று.

கேள்வி: விடுதியில் நேரப்பங்கு (வருடத்தில் சில நாள் தங்கும் உரிமை) விற்பவர்கள் ‘தொண்ணூறு நிமிடம் இருந்து கேட்டால் படகுச் சவாரி இலவசம்’ என்கிறார்கள். போகலாமா?

பதில்: நான் போனேன். நாலு மணித்தியாலம். கையெழுத்துப் போடாமல் எழும்பினேன் என்று எழுத ஆசைதான். ஆறு வருடம் பராமரிப்புக் கட்டணம் கட்டினேன். நேரப்பங்கு ஒப்பந்தத்தை ஒன்ராறியோவில் எழுதினால் 10 நாளுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம். தீவில் போட்ட கையெழுத்துக்குத் தீவின் சட்டத்தைத்தான் தேட வேண்டும். படகுச் சவாரிக்குக் காசு கொடுத்தே போங்கள்.

கேள்வி: பார்படோஸ் போகப் பேரனுக்கு இராணுவ நிறக் காற்சட்டை மூன்று கழிவு விலையில் எடுத்தேன். ஒன்றுக்கு ஒன்று இலவசம். நல்ல விலையா?

பதில்: நல்ல விலைதான், கொண்டுபோகத்தான் ஏலாது. அங்கே அந்த உடுப்பு பொதுமக்களுக்குத் தடை, பிள்ளைகளுக்கும் சேர்த்து. ரசீது இருக்கிறதா?