வெள்ளத்தில் ஊறிய முந்திரி: லாரி ஆபீஸிடம் எவ்வளவு கேட்க முடியும்?

கேள்வி: பண்ருட்டியில் முந்திரிப் பருப்பு மொத்த வியாபாரம் செய்கிறேன். 2024 நவம்பர் 27 அன்று கடலூரில் ஒரு பார்சல் ஆபீஸில் கோயம்புத்தூருக்கு 40 டின் போட்டேன். டின் 10 கிலோ, பில் ரூ.3,10,000. "ராத்திரியே வண்டி ஏறிடும்" என்றார்கள். ஏறவில்லை. ஃபெஞ்சல் புயல் கழிந்து, டிசம்பர் 2-ஆம் தேதி தென்பெண்ணை வெள்ளம் குடோனுக்குள் வந்தபோதும் சரக்கு தரையிலேயே கிடந்தது. 34 டின் ஊறிப்போயிற்று. 6 டின்னைக் காணவில்லை. குடோன் ஆட்கள் மேல் சந்தேகம் இருக்கிறது. 12 வருஷமாக அவர்களுக்குத்தான் லோடு கொடுக்கிறேன், இப்போது மேனேஜர் முகம் கொடுத்துக்கூடப் பேசுவதில்லை. க்ளெய்ம் ஹெட் ஆபீஸில் இருக்கிறது, ஜூனில் முடித்துத் தருகிறோம் என்கிறார். நடுவில் ஒரு தடவை ரூ.15,000 தருவதாகச் சொன்னார்கள். பிச்சை போடுவது போல் இருந்தது. நனைந்த டின்னை எடுக்காவிட்டால் குடோன் வாடகை வேறு போடுவார்களாம். நுகர்வோர் கோர்ட்டில் முழுத் தொகையும், மன உளைச்சலுக்கு ரூ.5 லட்சமும் கேட்கலாமா? போலீஸிலும் புகார் கொடுக்கலாமா? எல்.ஆர். (லாரி ரசீது) நகல் இணைத்திருக்கிறேன். (வாசகர், பண்ருட்டி, கடிதத் தேதி 28.4.2025)

பதில்: ஐயா, நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வழக்கின் தலையெழுத்து அதில் இல்லை, இணைத்திருக்கும் எல்.ஆரில் இருக்கிறது. புக்கிங் தேதி நவம்பர் 27. ஃபிரைட் (லாரிக் கட்டணம்) கட்டத்தில் ரூ.1,800. இந்த இரண்டையும் வைத்துத்தான் எல்லாம். 12 வருஷப் பழக்கமும் மேனேஜரின் முகமும் எந்தக் கோர்ட்டிலும் ஒரு ரூபாய் பெறாது. அவற்றை ஒதுக்கி வையுங்கள்.

முதலில் தேதி, ஏனென்றால் அது ஓடிக்கொண்டிருக்கிறது. சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007-ன் 16-ஆம் பிரிவின்படி, சரக்கு தொலைந்தது அல்லது சேதமானது என்று எழுத்து மூலமான அறிவிப்பு, புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் லாரி நிறுவனத்துக்குச் சேர்ந்திருக்க வேண்டும். சேராவிட்டால் வழக்கே போட முடியாது. எண்ணிப் பாருங்கள்: 2025 மே 26-ஆம் தேதியோடு முடிகிறது. "ஜூனில் முடித்துத் தருகிறோம்" என்று மேனேஜர் சொல்வதன் பொருள் இப்போது புரிகிறதா? அவர் தெரிந்து சொன்னாரோ தெரியாமல் சொன்னாரோ, விளைவு ஒன்றுதான்.

இந்தக் குழியில் வியாபாரிகள் விழுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2011 மார்ச் 1 வரை அமலில் இருந்த 1865-ஆம் வருஷச் சட்டத்தில், சேதம் நமக்குத் தெரிய வந்த நாளிலிருந்து ஆறு மாதம் என்று இருந்தது. பழைய ஆட்கள் இன்றும் அந்தக் கணக்கையே சொல்கிறார்கள். அதன்படி பார்த்தால் உங்களுக்கு ஜூன் முதல் வாரம் வரை இருப்பது போலத் தோன்றும். கிடையாது. இப்போது எண்ணிக்கை தொடங்குவது புக்கிங் தேதியில். வெள்ளம் வந்த தேதியோ, உங்களுக்கு போன் வந்த தேதியோ கணக்கில் சேராது. ரயிலில் போட்டாலும் நிலைமை அதேதான்: 1989 ரயில்வே சட்டத்தின் 106-ஆம் பிரிவு, சரக்கை ஒப்படைத்த நாளிலிருந்து ஆறு மாதம் என்கிறது.

அடுத்த குழப்பம், "நான்தான் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினேனே, அவர்களும் பார்த்தார்களே" என்பது. க்ளெய்ம் பாரம் பூர்த்தி செய்து கிளையில் கொடுத்ததையும் நோட்டீஸ் என்று நம்பி இருந்துவிடுகிறார்கள். அதெல்லாம் நோட்டீஸ் ஆகுமா ஆகாதா என்று இரண்டு வருஷம் வாதாடுவதைவிட ஒரு பதிவுத் தபால் அனுப்புவது சுலபம். எல்.ஆரின் தலைப்பில் நிறுவனத்தின் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே எழுதி, பதிவு அலுவலகத்துக்கு ஒன்று, கடலூர் கிளைக்கு ஒன்று, ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். இன்னொரு நகலைக் கிளையில் நேரில் கொடுத்து முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அனுப்பிய தேதியை வைத்துப் பேச முடியாது, சேர்ந்த தேதிதான் பேசும். ஆகவே மே முதல் வாரத்திலேயே தபாலில் சேர்த்துவிடுங்கள். எல்.ஆர். எண், தேதி, 40 டின், பில் எண், 34 நனைந்தது, 6 காணவில்லை, கேட்கும் தொகை. இவ்வளவு இருந்தால் போதும்.

இனி ரூ.1,800. இது உங்களுக்குக் கசக்கும்.

சட்டத்தின் 10-ஆம் பிரிவும் 2011 விதிகளும் லாரி நிறுவனத்தின் பொறுப்பை ஃபிரைட்டின் பத்து மடங்கோடு நிறுத்துகின்றன. நீங்கள் காட்டிய சரக்கு மதிப்பு ரூ.3,10,000 என்பது அதற்கு மேல் போகக் கூடாது என்கிற உச்சவரம்பு மட்டுமே. அது உங்கள் தொகையை உயர்த்தித் தராது. சரக்கு அனுப்ப ஜி.எஸ்.டி. தளத்தில் எடுக்கும் இ-வே பில்லில் முழு மதிப்பு இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது வரித்துறைக்கான ஆவணம், லாரிக்காரர் பொறுப்பேற்றதற்கான ஆவணம் ஆகாது. முழு மதிப்புக்கும் பொறுப்பேற்க வைக்க வேண்டுமானால், 11-ஆம் பிரிவின்படி கூடுதல் ரிஸ்க் கட்டணம் கட்டியிருக்க வேண்டும். பல எல்.ஆர்களில் "எஃப்.ஓ.வி." என்று, சரக்கு மதிப்பின் மேல் வாங்கும் அந்தக் கட்டணத்துக்காக ஒரு கட்டம் இருக்கும், உங்களுடையதிலும் இருக்கிறது, காலியாக இருக்கிறது. அந்தக் கட்டத்தில் ஒரு தொகை விழுந்திருந்தால் நான் இந்தப் பதிலை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

ஆகவே கணக்கு: ஃபிரைட் ரூ.1,800 என்றால் ரூ.18,000. ஏற்றுக்கூலி ரூ.200, ரசீதுக் கட்டணம் (டாக்கெட்) ரூ.100, டோர் டெலிவரி ரூ.100 எல்லாம் சேர்த்து டு-பே தொகை (சரக்கு எடுக்கும்போது கட்டுவது) ரூ.2,200 என்று வாதாடி ஜெயித்தால் ரூ.22,000. அவர்கள் 1,800-ஐத்தான் பெருக்குவார்கள். நீங்கள் பிச்சை என்று நினைத்த ரூ.15,000, சட்டப்படி உங்களுக்குக் கிடைக்கக்கூடியதற்கு மிக அருகில் இருக்கிறது. இதை யாரும் உங்களிடம் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

மற்ற விஷயங்களில் உங்கள் பக்கம் வலுவானதே. எல்.ஆரில் "ஓனர்ஸ் ரிஸ்க்" என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்; அந்த இரண்டு வார்த்தை கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து காப்பாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டது. கவனக்குறைவை நீங்கள் நிரூபிக்க வேண்டியதும் இல்லை, 12-ஆம் பிரிவு அந்தச் சுமையை உங்கள் தலையில் வைக்கவில்லை. "புயல், இயற்கைச் சீற்றம், நாங்கள் என்ன செய்வது" என்பார்கள். 17-ஆம் பிரிவில் அந்த விலக்கு உண்டு, ஆனால் உரிய கவனம் எடுத்திருந்தால் தவிர்த்திருக்கலாம் என்றால் அது செல்லாது என்று அதே பிரிவு சொல்கிறது. புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது நவம்பர் 30 இரவு. எச்சரிக்கை அதற்குப் பல நாள் முன்பே வந்துவிட்டது. சாத்தனூர் அணையைத் திறந்த தண்ணீர் கடலூருக்கு வந்தது டிசம்பர் 2-ல். 27-ஆம் தேதி ராத்திரி ஏற வேண்டிய சரக்கு ஐந்து நாள் ஏன் தரையில் கிடந்தது? பலகை போட்டுக்கூட ஏன் உயர்த்தி வைக்கவில்லை? இதற்கு அவர்களிடம் பதில் இருக்காது. ஒன்று செய்யுங்கள்: இ-வே பில்லை உங்கள் லாகினிலிருந்து இன்றே பிரதி எடுங்கள். அதன் பி பகுதியில் வண்டி எண் ஏறியதா, எந்தத் தேதியில் ஏறியது என்று பாருங்கள். ஏறவே இல்லை என்றால், லோடு குடோனை விட்டு நகரவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

ஆனால் இத்தனையும் ஜெயித்தாலும் கிடைப்பது பத்து மடங்குதான். அதனால்தான் வழக்குக்குப் போகாதீர்கள் என்கிறேன். நுகர்வோர் ஆணையம் உங்களுக்குச் சரியான இடம் அல்ல: வணிக நோக்கத்துக்காக எடுத்த சேவை அந்தச் சட்டத்தில் வராது. 2003 திருத்தத்துக்குப் பிறகு லாரி சேவைக்கும் அப்படித்தான் என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் விளக்கியிருக்கிறது. சுயதொழில் பிழைப்புக்கான விலக்கைச் சிலர் பிடித்துப் பார்க்கிறார்கள். மொத்த வியாபாரிக்கு அது கடினம். அங்கே ஒன்றரை வருஷம் கழித்து "இங்கே வராது" என்று சொல்லி அனுப்பினால் மறுபடி சிவில் கோர்ட்டில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 180 நாள் நோட்டீஸ் அங்கும் கட்டாயம் என்பதையும் மறக்க வேண்டாம். மன உளைச்சல் ரூ.5 லட்சம் என்பதை எந்தக் காகிதத்திலும் எழுதாதீர்கள். உங்கள் நியாயமான கோரிக்கையின் மதிப்பையும் அது குறைத்துவிடும்.

சிவில் கோர்ட்டில் ரூ.3,10,000 கேட்டால், தமிழ்நாட்டில் 3 சதவீதக் கட்டணம் ரூ.9,300 முதலிலேயே கட்ட வேண்டும். தொகை ரூ.3 லட்சத்துக்குக் குறையாமல் இருப்பதால் அது வணிக வழக்காகிவிடும். அவசர இடைக்காலப் பரிகாரம் கேட்காத வணிக வழக்கில், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக வழக்குக்கு முந்தைய சமரசப் பேச்சுக்குப் போகாமல் தாக்கல் செய்தால் மனு தள்ளுபடியாகும். "சென்னை நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம்" என்று எல்.ஆரின் பின்பக்கம் இருக்கிறதே என்று கேட்டிருந்தீர்கள். அது தடையாகாது. போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரியின் வழக்கில் 1991-லேயே உச்ச நீதிமன்றம் முடிவு சொல்லியிருக்கிறது: கிளை இருக்கும் ஊரிலேயே பிரச்சினை எழுந்தால், தலைமை அலுவலகம் இருக்கும் ஊர் என்ற ஒரே காரணத்துக்காக அங்கே போக வேண்டியதில்லை. கடலூரிலேயே போடலாம். ரூ.22,000-க்காக அத்தனையும் போடலாமா என்பதுதான் கேள்வி.

போலீஸ் விஷயம். வெள்ளத்தில் நனைந்தது குற்றம் ஆகாது. 6 டின்னை ஆட்கள் எடுத்திருந்தால் அது நம்பிக்கை மோசடி. ஊழியரின் குற்றச்செயலால் வந்த இழப்பைப் பற்றி 12-ஆம் பிரிவு தனியாகப் பேசுகிறது, பத்து மடங்கு வரம்பைத் தாண்டக்கூடியதாக உங்களுக்கு மிச்சமுள்ள ஒரே வாசலும் அதுதான். ஆனால் வெள்ளம் புகுந்த குடோனில் ஆறு டின் காணாமல் போனதற்குத் திருட்டுதான் காரணம் என்று காட்ட உங்களிடம் இன்று ஒன்றும் இல்லை. சந்தேகத்தைப் புகாராக எழுதினால் பேச்சுவார்த்தைக் கதவு அடைபடும். அதையே நோட்டீஸில் கேள்வியாக வையுங்கள்: குடோன் இருப்புப் பதிவேடு, டிசம்பர் 1 முதல் 5 வரையிலான கேமராப் பதிவு, அன்று பணியில் இருந்தவர்கள் யார். இதற்கு எழுத்தில் பதில் சொல்ல அவர்கள் தயங்குவார்கள். உங்கள் பேரத்தின் பலம் அந்தத் தயக்கத்தில் இருக்கிறது. ஆறு டின்னின் விலை ரூ.46,500.

இப்போது கையெழுத்து. குடோனைக் காலி செய்ய வேண்டும் என்று அவசரப்படுத்தி, நனைந்த டின்னை எடுக்கும்போது டெலிவரி ரசீதில் கையெழுத்து கேட்பார்கள். அதில் "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்றோ "முழுத் தீர்வு" என்றோ ஏற்கெனவே அச்சாகியிருக்கும். வாடகை மிரட்டலைக் கண்டு கையெழுத்துப் போட்டவர்கள் க்ளெய்மை அங்கேயே இழந்தார்கள். உங்கள் கையெழுத்துக்கு மேலே உங்கள் கையாலேயே "34 டின் வெள்ளத்தில் நனைந்த நிலையில், 6 டின் குறைவு, உரிமைக் கோரிக்கை நிலுவையில்" என்று எழுதிவிட்டுப் போடுங்கள். எழுத விடாவிட்டால் எடுக்காதீர்கள். குடோன் வாடகையையும் ஃபிரைட்டையும் ஏற்கவில்லை என்று நோட்டீஸில் ஒரு வரி சேருங்கள். ஒரிஜினல் எல்.ஆரை க்ளெய்முக்கு வேண்டும் என்பார்கள். ஜெராக்ஸ் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

நனைந்த பருப்பை உடைத்துக் காயவைத்து மிட்டாய்க் கடைக்குத் தள்ளிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்லியிருப்பார்கள். ஆற்று வெள்ளம் பட்ட உணவுப்பொருள் அது. விற்றால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் நீங்கள்தான் மாட்டுவீர்கள், சேதம் என்ற உங்கள் வாதமும் போய்விடும். இரு தரப்பும் சேர்ந்து எண்ணி, படம் எடுத்து, கையெழுத்திட்ட பிறகு அழியுங்கள். சரக்கு வாங்கியபோது கட்டிக் கழித்துக்கொண்ட ஜி.எஸ்.டி.யை (உள்ளீட்டு வரி) திருப்ப வேண்டி வரும், ஆடிட்டரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

நோட்டீஸ் சேர்ந்த அட்டை கையில் வந்த பிறகு நீங்களே ஹெட் ஆபீஸோடு பேசுங்கள், கிளை மேனேஜரோடு வேண்டாம். ரூ.22,000, அதோடு காணாமல் போன டின்னுக்குப் பாதி விலை, ஆக ரூ.45,000 அளவில், ஃபிரைட்டும் வாடகையும் உங்களிடம் கேட்கமாட்டார்கள், அழிக்கும் செலவு அவர்களுடையது என்று எழுத்தில் வந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். ரூ.30,000-க்கு மேல் நகரவில்லை என்றாலும் நான் ஒப்புக்கொள்ளத்தான் சொல்வேன். அதற்கும் இறங்கி வராவிட்டால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் நிரந்தர மக்கள் நீதிமன்றம் பற்றிக் கேளுங்கள்; சாலைவழி சரக்குப் போக்குவரத்து அதன் வரம்பில் வருகிறது, நீதிமன்றக் கட்டணம் இல்லை, சமரசம் ஆகாவிட்டால் அவர்களே தீர்ப்பும் சொல்லலாம். எப்படி முடிந்தாலும், பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகு மட்டும் ஒரிஜினல் எல்.ஆரைக் கொடுங்கள்.