ஊரில்லாத சர்ச், கருப்புப் பலகை, பெருக்கல் குறி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: இங்கிலாந்தில் டெர்பிஷயர் பக்கம் கெடில்ஸ்டன் மாளிகையைப் பார்க்கப் போனோம். மாளிகையை ஒட்டியே ஒரு பழைய சர்ச். சுற்றிலும் வெறும் புல்வெளி, ஒரு வீடுகூட இல்லை. ஊரில்லாத இடத்தில் யாருக்காகக் கட்டினார்கள்?

பதில்: ஊர் இருந்தது. நத்தானியேல் கர்சன் 1759-ல் புது மாளிகை கட்டத் தொடங்கினார். ஜன்னலைத் திறந்தால் புல்லும் தண்ணீரும் மட்டும் தெரிய வேண்டும் என்பது அந்தக் காலத்து மோகம். கிராமத்தையே பெயர்த்து வேறிடத்தில் வைத்தார், சாலையும் தள்ளிப் போனது. முன்னோர் கல்லறைகள் இருந்த சர்ச் மட்டும் தப்பியது. டார்செட்டில் மில்டன் அபாஸிலும் இதே கதைதான். தனியாக நிற்கும் சர்ச்சைக் கண்டாலே "கொள்ளைநோயில் ஊர் அழிந்துவிட்டது" என்பார்கள். உடனே நம்பாதீர்கள், பக்கத்தில் பெரிய மாளிகை இருக்கிறதா என்று பாருங்கள்.

உள்ளே போனீர்களா? வங்கத்தைப் பிரித்த வைஸ்ராய் கர்சன் பிரபு மனைவி மேரியோடு அங்கே பளிங்குச் சிலையாகப் படுத்திருக்கிறார். கல்கத்தாவில் அவர் குடியிருந்த அரசு மாளிகைக்கும் இந்த வீடுதான் மாதிரி!

கேள்வி: சில சர்ச்சுகளில் சாய்சதுரமாக ஒரு கருப்புப் பலகை தொங்குகிறதே?

பதில்: ஜமீன் வீட்டில் சாவு விழுந்தால், இறந்தவரின் குலச்சின்னத்தை வரைந்து வீட்டு முகப்பில் மாட்டுவார்கள். துக்கம் கழிந்ததும் அது சர்ச்சுக்கு வரும். சின்னத்துக்குப் பின்னால் இருக்கும் நிறத்தைக் கவனியுங்கள். பாதி கருப்பு, பாதி வெள்ளை என்றால் கணவனோ மனைவியோ அப்போது உயிரோடு இருந்தார். முழுக்கக் கருப்பு என்றால் துணையை முன்பே இழந்தவர், அல்லது மணமாகாதவர்.

கேள்வி: எல்லாம் பிரபுக்கள் கதையாகவே இருக்கிறதே, சார். கூலிக்காரர்கள் எங்கே?

பதில்: நியாயமான கேள்வி. அவர்கள் சர்ச் பதிவேட்டில் இருக்கிறார்கள். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைக்கச் சொல்லி 1538-ல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் உத்தரவிட்டார். 1754 முதல் திருமணப் பதிவில் மணமக்களும் கையெழுத்திட வேண்டும். எழுதத் தெரியாதவர் கோணலாக ஒரு பெருக்கல் குறி போடுவார், அதைச் சுற்றி "இன்னாரின் குறி" என்று வேறொருவர் எழுதியிருப்பார். பழைய ஏடுகள் பெரும்பாலும் சர்ச்சில் இருக்காது, அந்தந்த மாவட்ட ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள்.

கேள்வி: போன இடத்தில் சர்ச் பூட்டியிருந்தால்?

பதில்: வாசல் மண்டபத்தில் பல இடங்களில் சாவி யாரிடம் என்று ஒட்டியிருக்கும். அவரே கூட வந்து திறந்தால் ஒரு மணி நேரமாவது ஒதுக்கிக்கொள்ளுங்கள், பேச்சு அவ்வளவு சீக்கிரம் முடியாது.