பென்டிரைவும் சான்றிதழும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் தெருத் தகராறைப் பக்கத்துக் கடைக் கேமரா பதிவு செய்திருந்தது. அதைப் பென்டிரைவில் நீதிமன்றத்தில் கொடுத்தோம். சான்றிதழ் இல்லையென்று எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கிறது. முகமே தெரியும்போது சான்றிதழ் எதற்கு?

ஒரு வாசகர், திண்டுக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

முகம் தெரிவது அப்புறம். பென்டிரைவில் இருப்பது நகல்; எந்தக் கருவியிலிருந்து, யார், எப்படி எடுத்தது என்றுதான் நீதிமன்றம் முதலில் கேட்கும்.

2005-இல் நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில், மின்னணுப் பதிவுகளுக்குப் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு கேட்ட சான்றிதழ் இல்லாமலே தொலைபேசி அழைப்புப் பட்டியலை உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2014-இல் அன்வர் வழக்கில் அந்தக் கதவை மூடியது. கேரளத் தேர்தல் ஒன்றின் பிரசாரப் பாட்டும் பேச்சும் அடங்கிய சிடிக்கள் சான்றிதழ் இல்லாததால் அடிபட்டுப்போயின. 2020-இல் மகாராஷ்டிரத்தின் ஜால்னா தேர்தல் வழக்கிலும் அதே நிலைதான். ஆனால் அங்கே மனுதாரர்கள் திரும்பத் திரும்பக் கேட்டும் அதிகாரிகள் சான்றிதழ் தரவில்லை; முடியாததைச் செய்யச் சொல்ல முடியாது என்று அவர்களுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது.

1.7.2024 முதல் 65பி-யின் இடத்தில் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு. சான்றிதழில் இப்போது இரண்டு பகுதிகள்: அ பகுதியில் தரப்பினர், ஆ பகுதியில் நிபுணர் கையெழுத்திட வேண்டும். நிபுணர் யார் என்று அந்தப் பிரிவு விளக்காமல் விட்டதுதான் கீழமை நீதிமன்றங்களில் தலைவலி. கோப்பின் ஹாஷ் மதிப்பையும், அதாவது அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற குறியீட்டையும், எழுத வேண்டும். எஸ்எச்ஏ-256 என்ற கணக்கீட்டு முறை என்றால் 64 எழுத்து, எண் கொண்ட சரம். கோப்பின் பெயரை மாற்றினால் அது மாறாது. ஒரு நொடியை வெட்டினாலும் முழுக்க மாறிவிடும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு வேறு கோப்பாகிவிடும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

ஆகவே கேமரா பதிவைச் சேமிக்கும் கருவியான டிவிஆரிலிருந்து நேரடியாக, அதன் சொந்த வடிவத்திலேயே நகலெடுங்கள். அதற்கான பிளேயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹாஷை அங்கேயே எடுத்துக் குறியுங்கள். கருவியின் மாடல், சீரியல் எண்ணோடு, அதன் கடிகாரம் சரியான நேரத்துக்கு எத்தனை நிமிடம் முன்பின் என்பதையும் எழுதுங்கள். குறுக்கு விசாரணையில் முதலில் பிடிப்பது அதைத்தான்.

கடைக்காரர் டிவிஆரையே கொண்டுவந்து, தன்னுடையது என்று கூண்டேறிச் சொன்னால் சான்றிதழ் தேவையில்லை என்கிறது 2020 தீர்ப்பு. மறுத்தால், கருவியையும் சான்றிதழையும் தாக்கல் செய்ய உத்தரவிடும்படி நீதிமன்றத்தில் மனுப் போடலாம். ஆனால் வட்டு நிரம்பியதும் டிவிஆர் பழைய பதிவின் மேலேயே எழுதிவிடும். பதிவு இன்னும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.